மினிலாக் ஃபில்டரோடு மும்பையில் சில வருடங்கள்

கோர்க் மினிலாக் என்ற சின்தசைசர் கீபோர்டு 2016-ல் வந்தபோது, அந்தக் குறைந்த விலைக்கு நாலு குரல் (ஒரே நேரத்தில் நாலு சுரம்) அனலாக் என்பதுதான் பேச்சாக இருந்தது. செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று மெல்லிசை மேடைகளுக்குப் பல வருடம் தூக்கிப்போன பிறகும் எனக்கு அதை விற்க மனம் வராததற்குக் காரணம், ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். 2 போல், 4 போல்.

லோ-பாஸ் ஃபில்டர், கட்ஆஃபுக்கு (நாம் வைக்கும் எல்லை அதிர்வெண்ணுக்கு) மேலே உள்ள ஹார்மோனிக்ஸை, அதாவது சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகளை, குறைக்கும். 2 போலில் ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 12 டெசிபல், அதாவது ஒவ்வொரு ஆக்டேவுக்கும் அளவு கால்வாசியாகும். 4 போலில் 24 டெசிபல், பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். பாடகிக்குப் பின்னால் பேட் (நீண்டு நிற்கும் மென்மையான பின்னணி ஒலி) வாசிக்க எனக்கு எப்போதும் 2 போல். மேலே கொஞ்சம் காற்று இருக்கும், குரலையும் மறைக்காது. பேஸுக்கு 4 போல். டோலக்கோடு மோதாமல் அடியில் உட்கார்ந்துகொள்ளும்.

புதிதாக வாங்கியவர்கள் கட்ஆஃப் நாபையே திருகிக்கொண்டிருப்பார்கள். ஒலிக்கு உருவம் தருவது அதன் பக்கத்தில் இருக்கும் ஈ.ஜி. இன்ட்: சாவியை அழுத்தியதும் என்வலப் கட்ஆஃபை எவ்வளவு நகர்த்தும் என்பதை வைக்கும் நாப். கட்ஆஃபைத் தாழ்த்தி, அட்டாக்கும் (ஏறும் நேரம்) சஸ்டெயினும் (நிற்கும் அளவு) பூஜ்யத்தில், டிகே (இறங்கும் நேரம்) குறைவாக வைத்து, இன்ட்டை நடுவிலிருந்து வலப்பக்கம் திருப்புங்கள்: தந்தியை மீட்டிய ஒலி. கட்ஆஃபை உயர்த்தி, டிகேயையும் கூட்டிவிட்டு இடப்பக்கம் திருப்பினால், மங்கலாகத் தொடங்கி மெல்லத் திறக்கும். சோக இடைஇசைக்கு அதுதான் என் பேட்ச் (சேமித்துவைத்த ஒலி அமைப்பு).

எனக்கு ரொம்பப் பிடித்தது சுருதி. சா டூத் வேவில் (ரம்பப் பல் வடிவ அலையில்) ஒரே சுரத்தைப் பிடித்து, கட்ஆஃப் பக்கத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸைப் பாதிக்கு மேல் ஏற்றி, எல்.எஃப்.ஓ.வை (தானாக ஏறி இறங்கும் மெதுவான அலையை) மிக மெதுவாகக் கட்ஆஃபுக்குக் கொடுங்கள். ஹார்மோனிக்ஸ் ஒவ்வொன்றாக மேலே எழும்பி அடங்கும். ஜீவாளி (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) போட்ட தம்புரா ஆகிவிடாதுதான், ஆனாலும் கண்ணை மூடிக் கேட்கலாம். சின்னத் திரையில் அலையின் வடிவம் மாறுவதும் தெரியும்.

அதே ரெசொனன்ஸ் மேடையில் ஆபத்து. ஹெட்போனில் இனித்தது, பிள்ளையார் பந்தல் ஹார்ன் ஸ்பீக்கரில் காதைக் கிழிக்கும். மேடை பேட்ச்களுக்குத் தனியாகக் குறைத்துச் சேமித்துவிடுங்கள்.

இதே மும்பையில் இந்தி சினிமா இசைக்கலைஞர் சரண்ஜீத் சிங் 1982-ல் ரோலண்ட் டி.பி.-303 என்ற பேஸ் சின்தசைசரில் ராகங்களை ஓட்டினார். அதில் சுரத்துக்குச் சுரம் வழுக்குவது ஸ்லைடு வசதியின் வேலை, ஒலி நெளிவது ஃபில்டரின் வேலை. அந்த ஒலிக்காக மட்டும் மினிலாக் வாங்க வேண்டாம். இதன் ஃபில்டர் அத்தனை முரட்டுத்தனமானது இல்லை.

மினிலாக்கில் ஹை-பாஸ் (அடி ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்), டிலே (எதிரொலி) பகுதியில் மட்டுமே உண்டு. 37 சாவிகளும் ஒல்லி ரகம், அதனால் பெரிய கீபோர்டு ஒன்றை மிடியில் இணைத்துத்தான் வாசிக்கிறேன். வெலாசிட்டி சுவிட்சை 100-ல் வைத்தால் அழுத்தத்துக்கு ஏற்ப ஃபில்டர் திறக்கும். மேல் சாவிகளுக்குப் போகப்போகக் கட்ஆஃபையும் உயர்த்தும் கீ டிராக்கை 50-ல் விட்டுவிடுங்கள்; பூஜ்யத்தில் வைத்தால் மேல் ஸ்தாயி மழுங்கிப்போகும்.