பல்லுக்குக் கிளிப்: மெட்டலா, செராமிக்கா, அலைனரா?

மகளின் பல்லுக்குக் கிளிப் போட வேண்டும் என்று நாகர்கோவிலில் டாக்டர் சொன்னபோது மூன்று வழிகளைக் காட்டினார். மெட்டல், செராமிக், அலைனர் (பல் மேல் கழற்றி மாட்டுகிற, நிறமற்ற பிளாஸ்டிக் உறை). பெரும்பாலும் விலையும் அதே வரிசையில்தான் ஏறும். நாங்கள் மெட்டலையே எடுத்தோம்.

பல்லில் சின்ன எஃகு பிராக்கெட்டுகளை ஒட்டி, நிக்கல்-டைட்டானியம் கம்பியைக் கோர்க்கிறார்கள். வளைத்துக் கட்டிய கம்பி பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில் பல்லைச் சுற்றிய எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர, பல் மெல்ல நகரும். அதனால்தான் பலருக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகிறது. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை டைட் பண்ணப் போக வேண்டும். போய்வந்த இரண்டு மூன்று நாள் வலிக்கும். கஞ்சி, இடியாப்பம், மட்டிப்பழம் என்று ஓட்ட வேண்டியதுதான். கன்னத்தில் உரசினால் பிராக்கெட் மேல் மெழுகு வைக்கலாம். மரச்சீனிக்கிழங்கை மசித்து மீன்குழம்பு ஊற்றித் தாராளமாகச் சாப்பிடலாம். ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கூடாது. பிராக்கெட் பெயர்ந்தால், திரும்ப ஒட்டும்வரை சிகிச்சை பின்தங்கும்.

செராமிக் பல் நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று தெரியாது. ஆனால் தினமும் மீன்குழம்பு வைக்கிற வீட்டில், கம்பியைப் பிடித்திருக்கும் நிறமற்ற ரப்பர் வளையம் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். அடுத்த முறை மாற்றும்வரை அப்படியேதான். மெட்டலுக்குச் சாம்பல் நிற வளையம் போட்டால் கறை அவ்வளவாகத் தெரியாது. தவிர, செராமிக் பிராக்கெட் எளிதில் உடையும்.

சாப்பிடும்போது அலைனரைக் கழற்றிவிடலாம், உணவுக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் பல் நகரும். கல்யாண வீட்டுப் பந்தியில் கழற்றிக் காகிதத்தில் சுருட்டி வைத்தால், எச்சில் இலையோடு போய்விடும். பள்ளிப் பிள்ளையிடம் இந்தக் கவனத்தை எதிர்பார்ப்பது சரியில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒருவருக்கு, கோணலும் லேசானது என்றால், நான் அலைனரைத்தான் சொல்வேன்; அடுத்தடுத்து மாற்றிப் போட வேண்டிய பல செட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாம். பல் பிடுங்கி இடம் உண்டாக்க வேண்டிய நெரிசலுக்கு மெட்டல்தான் நம்பிக்கை.

அப்புறம், எதைப் போட்டாலும் கடைசியில், நகர்ந்த பல்லை அங்கேயே பிடித்து வைக்கிற ரிட்டெய்னர் உண்டு. அதை மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகர ஆரம்பிக்கும். முதல் சில மாதம் பகலும் இரவும், பிறகு வருஷக்கணக்கில் இரவில் மட்டும். விலை பேசும்போதே ரிட்டெய்னரும் அதில் சேருமா என்று கேட்டுவிடுங்கள்.