சிவப்பு ஊசி உடையவே இல்லை: பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கியர்பாக்ஸ் வேலை செய்ததாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கி ஏமாற்றிய பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கோவைக்காரர்கள் ஊகிக்கவும் வேண்டாம். யார் என்பதைவிட எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

வண்டி 2007 மாடல் பென்ஸ் இ 220 சி.டி.ஐ. டீசல், கம்பெனிக் குறியீட்டில் டபிள்யூ 211. 2019-ல் ஒரு மில்காரர் வீட்டிலிருந்து வாங்கினேன். இதே வண்டியில் 2006-க்கு முன் வந்தவற்றில் எஸ்.பி.சி. என்ற மின்சார பிரேக் இருக்கும், அதன் பம்ப் போனால் கையைக் கடிக்கும் என்று படித்து, அது இல்லாத மாடலாகத் தேடிப் பிடித்தேன். அவ்வளவு விவரமாக இருந்தவன்தான் ஏமாந்தேன்.

என்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு எல்லாம் வீட்டு வாசலிலேயே நானே மாற்றிக்கொள்வேன். ஆறரை லிட்டர் ஆயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முடிந்தது. கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் போனதில்லை. பயம். அந்தப் பயம்தான் அவர்களுக்கு முதலீடு.

போன மார்கழியில் வாளையாறு தாண்டிப் போகும்போது வண்டி திடீரென இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டது. அறுபதிலேயே என்ஜின் அலறுகிறது. ஓரம்கட்டி அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. மூன்று நாள் கழித்து மறுபடி. இதற்கு லிம்ப் மோட் என்று பெயர். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஏதோ சந்தேகம் வந்தால், வீடு போய்ச் சேர் என்று ஒரே கியரில் பூட்டிவிடும். வண்டி ஓடும், ஆனால் ஓட்ட முடியாது.

நண்பர் ஒருவர் சொல்லித்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். சுத்தமான இடம், டைல்ஸ் போட்ட தரை, நாலைந்து ஜெர்மன் வண்டிகள். ஸ்கேனர் போட்டார்கள். கியர்பாக்ஸுக்குள் சுழலும் வேகத்தை அளக்கும் என்2, என்3 ஸ்பீடு சென்சார்களில் கோளாறு என்று ஃபால்ட் கோட் வந்தது. அது உண்மைதான், திரையை நானே பார்த்தேன்.

"கியர்பாக்ஸ் இறக்கி ஓவர்ஹால் பண்ணோணுங்க சார். ஒண்ணே முக்கால் ஆகும்" என்றார் முதலாளி. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்காக முதல்ல கண்டக்டர் பிளேட்டு மட்டும் மாத்திப் பாக்கலாங்க. ஒரிஜினல் போட்டு, ஃபில்டர், கியர் ஆயிலோட அறுபத்திரண்டாயிரம்" என்றார். கண்டக்டர் பிளேட் என்பது கியர்பாக்ஸுக்குள் அந்த சென்சார்கள் உட்கார்ந்திருக்கும் மின் தகடு. ஒண்ணே முக்கால் லட்சத்தைக் கேட்ட காதுக்கு அறுபத்திரண்டாயிரம் சலுகையாகத்தான் கேட்டது. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் என்றார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். கையால் எழுதிய எஸ்டிமேட் ஒன்று தந்தார். பாதி ரொக்கம், பாதி ஜிபே.

பதினோரு நாள் வைத்திருந்தார்கள். வண்டி எடுக்கப் போனபோது, பெரிய புத்திசாலிபோலப் பழைய பார்ட்ஸ் வேண்டும் என்று கேட்டேன். தயங்கவே இல்லை. எண்ணெய் வடியும் ஒரு பழைய கண்டக்டர் பிளேட்டைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியையும் கழுவிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது, பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் அவிநாசி ரோட்டில் அதே இரண்டாவது கியர். போன் செய்தால், "பதினேழு பதினெட்டு வருச வண்டிங்க சார், ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு வரும். ஓவர்ஹால்தான் வழி" என்கிறார்.

அன்று இரவு கோபத்தில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். என் வண்டியில் இருப்பது 722.6 என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். இதில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி வண்டியோடு வராது. ஆயில் ஊற்றும் குழாய் ஒன்று மேலே வரும், அதன் மூடியைச் சின்னச் சிவப்பு பிளாஸ்டிக் ஊசி ஒன்று பூட்டியிருக்கும். அதை உடைக்காமல் மூடியைத் திறக்க முடியாது. திறந்தவர்கள் புது ஊசி போடவேண்டும். பாதிப் பேர் போடுவதில்லை. என் வண்டியில் ஊசி உடையாமல் இருந்தது. புது ஊசியும் இல்லை. வெளுத்துப்போய், சுற்றிலும் வருஷக்கணக்கான தூசி கெட்டியாக அப்பிய பழைய ஊசி. ஆயில் மாற்றினார்களாம். எந்த வழியாக ஊற்றினார்கள்?

வண்டி எடுத்த அன்றே இந்த மூடியைப் பார்த்திருக்கலாம். பானெட்டைத் திறந்தேன், கழுவின அழகைப் பார்த்தேன், மூடினேன்.

அடுத்த வாரம் நானே கீழே படுத்தேன். நான்கு ஆக்ஸில் ஸ்டாண்ட், வண்டி சமமட்டத்தில். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். சம்ப், அதாவது கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு, ஆறு போல்ட்டில் நிற்கிறது. வழக்கமாகச் சம்பிலிருந்து நாலு லிட்டர் வரும். எனக்கு மூன்றுகூட வரவில்லை, கறுப்பாக. சம்புக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சகதி விரல் கனத்துக்கு. ஃபில்டரின் பிளாஸ்டிக்கில் வார்ப்பிலேயே 07 என்று பதிந்திருந்தது. கண்டக்டர் பிளேட்டும் வண்டியோடு பிறந்ததுதான். பையில் கொடுத்தது வேறு யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றியது. ஆக, அவர்கள் செய்த வேலை ஃபால்ட் கோடை அழித்தது, வண்டியைக் கழுவியது, இரண்டுதான்.

உண்மையான கோளாறு பக்கவாட்டில் இருந்தது. கியர்பாக்ஸுக்குள் வயர் போகும் இடத்தில் 13 பின் சாக்கெட், அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் புஷ், அதில் இரண்டு ஓ-ரிங். இத்தனை வருஷத்தில் ரப்பர் இறுகத்தான் செய்யும். அந்த வழியாக ஆயில் கசிந்து மட்டம் குறையும். அதோடு ஆயில் பின்களுக்குள்ளும் புகுந்துவிடும்; வயருக்குள் ஏறி, திரி எண்ணெய் இழுப்பதுபோல, கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும்கூடப் போகும். ஸ்பீடு சென்சார் கோடு வர இதுவே போதும். என் சாக்கெட்டைக் கழற்றியபோது உள்ளே ஆயில் தேங்கி நின்றது. பெட்டி வரை ஏறவில்லை, நல்ல காலம். புஷ்ஷின் பார்ட் நம்பர் ஏ 203 540 02 53. ஒரே ஒரு 7 மி.மீ. போல்ட். புஷ் விலை இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

புஷ், ஃபில்டர், கேஸ்கெட், பென்ஸ் கம்பெனியின் எம்.பி. 236.14 அங்கீகாரம் உள்ள ஆயில், காண்டாக்ட் கிளீனர், தனியாக வாங்கிய அளவுக் கம்பி எல்லாம் சேர்த்து எனக்குப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். சம்ப் போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்காதீர்கள், 8 நியூட்டன் மீட்டர்தான். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் நிறைந்திருக்கும் கன்வர்ட்டரில், என் வண்டியில் வடிகால் திருகு இல்லை, அதனால் ஒருமுறை மாற்றினால் பாதிப் பழைய ஆயில் உள்ளேயே நிற்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றினேன். அந்த இரண்டாம் ஆயில் செலவு மேலே சொன்ன கணக்கில் இல்லை.

அளவு பார்ப்பதில் நான் அரைநாள் முட்டிக்கொண்டேன். ஆயில் 80 டிகிரி சூட்டில், என்ஜின் ஓட, கியர் லீவரைப் பி-யில் (பார்க்) வைத்துப் பார்க்கவேண்டும். ஆனால் பி-யிலும் என்-னிலும் ஸ்கேனர் காட்டும் கியர் ஆயில் சூடு நிஜமல்ல. பிரேக்கை மிதித்து டி-யிலோ ஆர்-லோ போட்டால்தான் உண்மையான சூடு தெரியும். இது புரியாமல் முதலில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி, பிறகு உறிஞ்சி எடுத்தேன்.

ஏழு மாதமாகிறது, லிம்ப் மோட் திரும்ப வரவில்லை. கண்டக்டர் பிளேட் வயசானதுதான், ஒருநாள் போகலாம். போனால் அதையும் நானே மாற்றுவேன்.

படங்களோடு பட்டறைக்குப் போனேன். "எங்க பசங்க புது ஊசி போட்டிருப்பாங்க" என்றார். தூசியோடவா என்று கேட்டேன். ஐயாயிரம் தருகிறேன், வெளியே பேசவேண்டாம் என்றார். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனுப் போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். என் கையில் இருப்பது எஸ்டிமேட்டும் ஜிபே ரசீதும் படங்களும்தான். அன்று பில் வேண்டாம் என்று நான் மிச்சம் பிடித்த பதினோராயிரம் இப்போது குத்துகிறது.

வேலைக்கு விடுபவர்கள், விடும் முன் அந்தச் சிவப்பு ஊசியைப் போன் கேமராவில் எடுத்துவையுங்கள். சம்ப் போல்ட்டுகளில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கழற்றி மாட்டினால் கோடு கலைந்திருக்கும். ஃபில்டரின் தேதிப் பதிவையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பார்ட்டின் பெட்டியைக் கேளுங்கள், பழைய பார்ட்டை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள்.

அளவுக் கம்பி என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. கோவை, திருப்பூர் பக்கம் 722.6 வைத்திருப்பவர்கள் கேட்டால் தருகிறேன். துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.