நுகர்வோர் ஆணையத்தில் சமரசம்: சேவை நன்று, தொடங்குவதுதான் தாமதம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்த 2020 ஜூலை முதல், மாவட்ட, மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்கள் ஒவ்வொன்றோடும் ஒரு சமரசப் பிரிவு இணைந்து இயங்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது கிடையாது. வீட்டு உபயோகப் பொருள் ஒன்று தொடர்பான என் புகார் இந்த வழியாகவே முடிவுக்கு வந்தது. பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இதன் அமைப்பில் சட்டம் திருத்த வேண்டிய குறைகள் உள்ளன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடைமுறை. புகார் ஏற்கப்பட்ட பின் வரும் முதல் விசாரணையிலோ அதற்குப் பின் எந்தக் கட்டத்திலுமோ, இரு தரப்பும் ஒத்துப்போக இடமிருப்பதாக ஆணையத்துக்குத் தோன்றினால், ஐந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் சம்மதம் தருமாறு அது கேட்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் வழக்கு சமரசருக்குப் போகிறது. அவர் தீர்ப்புச் சொல்வதில்லை; இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்டு, அந்தத் தொழிலின் வழக்கத்தையும் நடந்த சூழ்நிலையையும் கருத்தில் கொண்டு பேச்சை நகர்த்துகிறார். உடன்பாடு எழுதிக் கையெழுத்தானதும், சமரசரின் அறிக்கை கிடைத்த ஏழு நாட்களுக்குள் ஆணையம் அதை உத்தரவாகப் பிறப்பிக்க வேண்டும். உடன்பாடு வராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சில அம்சங்களில் மட்டும் ஒத்துப்போனால், அவற்றைப் பதிவு செய்துவிட்டு மீதியை மட்டும் விசாரிக்கலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பலர் அறிவதில்லை. பொருளின் விலையைத் திருப்பித் தருவதில் உடன்பட்டு, மன உளைச்சலுக்கான இழப்பீட்டை மட்டும் ஆணையத்தின் முடிவுக்கு விட இதனால் முடிகிறது.

இச்சேவையின் உண்மையான பலம், சமரசம் உத்தரவாக மாறுவதில்தான் இருக்கிறது. ஆணையத்தின் உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு தொலைபேசியில் தரும் வாக்குறுதிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி, ஒருமுறையாவது அந்த வாக்குறுதியை நம்பிக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

தாமதம் இங்கே தொடங்குகிறது. சமரசர் முன் அமர்வதற்குப் புகாரைத் தாக்கல் செய்து, அது ஏற்கப்பட்டு, அறிவிப்பு அனுப்பப்பட்டு, எதிர்த்தரப்பு முன்னிலையாகும் வரை பொறுத்திருக்க வேண்டும். பதில் மனுவுக்கு மட்டும் 30 நாட்களும் மேற்கொண்டு 15 நாட்களும் சட்டமே தருகிறது, வாய்தாக்கள் தனி. அதற்குள் நுகர்வோர் வழக்கறிஞருக்குச் செலவு செய்திருப்பார், நிறுவனமும் தன் நிலைப்பாட்டை எழுத்தில் உறுதியாக்கியிருக்கும். மறுபுறம், வழக்குக்கு முன்பே 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்; தமிழ் உட்பட 17 மொழிகளில் அது இயங்குகிறது, புகாரை நிறுவனத்துக்கு விரைவாகவே கொண்டு செல்கிறது. ஆனால் நிறுவனம் மறுத்துவிட்டால் அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. விரைவாகக் கிடைப்பதற்கு வலிமை இல்லை, வலிமையுள்ளது விரைவாகக் கிடைப்பதில்லை. உதவி மையத்தின் மூலம் எட்டப்படும் உடன்பாட்டை, தனி வழக்கின்றி ஆணையத்தில் பதிவு செய்து உத்தரவாகப் பெறும் வழி ஒன்றைச் சட்டம் திறந்துவிட்டால், வாய்தாக்களில் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது குறை, மேசைக்கு எதிரே யார் அமர்கிறார் என்பது. என் வழக்கில் நிறுவனத்தின் சார்பில் வந்தவருக்கு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பதற்கு மேல் பேச அதிகாரம் இருக்கவில்லை. தொகையை முடிவு செய்யக்கூடிய மேலாளர் ஒருவர் தொலைபேசியில் இணைக்கப்பட்ட பிறகு, அதுவரை இழுத்துக்கொண்டிருந்த விஷயம் ஒரே அமர்வில் முடிந்தது. சமரசரின் பொறுமை பாராட்டுக்குரியது. ஆனால் இது அவருடைய பொறுமையை நம்பி விடப்பட வேண்டிய விஷயமன்று. முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவரையே அனுப்ப வேண்டும் என்பதும், தவறினால் செலவுத் தொகை செலுத்த வேண்டும் என்பதும் சட்டத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

சமரசத்தில் முடிந்தால் புகார்க் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பதை ஊக்கமாகச் சொல்கிறார்கள். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை என்பதால், மின்விசிறிக்கும் கைப்பேசிக்கும் வழக்குப் போடுகிறவர்களுக்கு இந்தச் சலுகையால் பயன் எதுவுமில்லை.

சட்டம் மாறாமலும் இல்லை. சமரசத்துக்கான பொதுச் சட்டமாகிய மத்தியஸ்தச் சட்டம், 2023 நுகர்வோர் சட்டத்தின் சமரச அத்தியாயத்தையே திருத்தி, அனைத்தையும் தன் பொது நடைமுறைக்குள் கொண்டுவர வகை செய்கிறது. வழக்குக்கு முந்தைய சமரசத்தையும் அங்கீகரிக்கிறது. 2023 அக்டோபர் 9 அன்று அதன் சில பிரிவுகள் மட்டுமே நடைமுறைக்கு வந்தன. நுகர்வோர் சட்டத்தைத் திருத்தும் பகுதி அவற்றில் இல்லை. திசை சரியானது. ஆனால் அச்சட்டம் சமரசத்துக்கு 120 நாட்களும், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் 60 நாட்களும் தருகிறது. நுகர்வோர் சட்டமோ, ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகாரை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. பொது வணிகப் பிணக்குகளுக்கான காலக்கெடுவை, குளிர்சாதனப் பெட்டி பழுதானதற்கும் அப்படியே பொருத்துவது முறையன்று. நுகர்வோர் புகார்களுக்குத் தனியாக ஒரு குறுகிய கெடு வேண்டும்.

மருத்துவக் கவனக்குறைவால் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட வழக்குகள், கடுமையான மோசடி, போலி ஆவணம் தொடர்பானவை, பொதுநலன் சம்பந்தப்பட்டவை ஆகியன சமரசத்துக்கு அனுப்பப்படுவதில்லை. அதில் எனக்கு உடன்பாடே. பணத்தைத் திருப்பிப் பெறுதல், பழுது நீக்குதல், மாற்றுப் பொருள் ஆகியவற்றுக்குத் தயங்காமல் சம்மதம் தரலாம். கையெழுத்திடும் முன், தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், பழைய பொருளை யார் செலவில் எடுத்துச் செல்வது என்பவை அனைத்தும் உடன்பாட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எடுத்துச் செல்லும் செலவு என் உடன்பாட்டின் முதல் வரைவில் விடுபட்டிருந்தது, கேட்ட பிறகே சேர்த்தார்கள்.