பழைய வில்லிஸ் ஜீப்பின் கிராஸ்: நிப்பிள் உள்ளதா, சீல் வைத்ததா?

கிராஸ் என்பது புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டில் (யூனிவர்சல் ஜாயின்ட்) இருக்கும் சிலுவை வடிவத் துண்டு. அதன் நான்கு முனையிலும் ஒரு கப், கப்புக்குள் நீடில் எனும் ஊசி போன்ற உருளைகள். நிப்பிள் என்பது கிரீஸ் அடிக்கும் வாய்; சீல் வைத்ததில் கிரீஸ் உள்ளேயே அடைத்து வரும். சீல் வைத்த கிராஸில் கிரீஸ் போகும் உள்துளை கிடையாது. அதனால் முறுக்கை நன்றாகத் தாங்கும். ஆனால் சீல் கிழிந்து தண்ணீர் புகுந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. கப் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே நீடில் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் ஜீப்புக்கு நிப்பிள் வகைதான் சரி. லித்தியம் இ.பி. 2 (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸை கைக் கிரீஸ் கன்னால் மெதுவாக அடியுங்கள். நான்கு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் மட்டும் வந்தால் நான்காவது காய்ந்தேதான் ஓடும், சீக்கிரம் போய்விடும்.

எதைப் போட்டாலும், கழற்றுமுன் ஸ்ப்ளைனின் (ஷாஃப்டின் இரு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிசை) இரு பக்கமும் குறி போடுங்கள். யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) மாறிப் பூட்டினால் ஷாஃப்ட் அதிரும். சர்க்லிப் (கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையம்) பள்ளத்தில் உட்கார மறுக்கிறதா? சுத்தியலால் அடிக்கவே அடிக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு நீடில் சரிந்து கப்பின் அடியில் படுத்திருக்கும்.