முன்பக்கம் ஆடும் மலிவு லென்ஸ்: மூன்று மாரி பாவித்த பின்

கமராவோடு சேர்த்து விற்கும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55 வரை நீட்டி, பில்டர் பூட்டும் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பிளாஸ்டிக் குழாய்க்குள் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் சூம் இறுகிவிடும். இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டிய ஆட்டங்கள் வேறு: முன் கண்ணாடி மட்டும் தனியாக 'டக் டக்' என்று தட்டுவது, போன மாதம் இல்லாத அளவு இந்த மாதம் சாய்வது, சூம் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே நறநறப்பது.

ஏமாற்றும் ஆட்டங்களும் இரண்டு உண்டு. லென்ஸைக் கமராவில் பூட்டும் பின்பக்க மவுண்டின் ஸ்குரூ இளகினாலும் கைக்கு முன்பக்கம் ஆடுவதுபோலவே தெரியும். லென்ஸின் வெளிக்கூட்டைக் கமரா உடலோடு சேர்த்துப் பிடித்து அசைத்தால் வேறுபாடு உடனே பிடிபடும். மற்றது ஐ.எஸ். (நடுக்கம் குறைக்கும் வசதி) உள்ள லென்ஸ். கமராவிலிருந்து கழற்றிக் குலுக்கினால் கடகடக்கும். நடுக்கம் குறைக்கும் கண்ணாடித் தொகுதி மின்சாரம் இல்லாதபோது பிடிப்பில்லாமல் கிடக்கும், அவ்வளவுதான். அதைத் திருத்தப் போய் நல்ல லென்ஸைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த லென்ஸ்கள் இளகுவதற்குப் பெரிய காரணம் மோட்டார் சைக்கிள். கல்முனையில் ஒரு கலியாணம், அடுத்த நாள் வாகரையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா என்று பை முதுகிலோ பெட்டியிலோ குலுங்கிக்கொண்டே போகிறது. உள்ளே உள்ள ஸ்குரூக்கள் பல, பிளாஸ்டிக்கில் தானே புரி வெட்டி இறங்கும் வகை. தொடர்ந்து அதிர்ந்தால் மெல்ல மெல்லப் பின்வாங்கும். அடுத்தது மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடிக் கடற்கரையிலோ பொத்துவில் பக்கமோ லென்ஸை நீட்டி வைத்துப் படமெடுத்தால், குழாயில் ஒட்டிய பொடி மணல் சுருக்கும்போது உள்ளே போய்விடும். பிறகு ஒவ்வொரு சூமுக்கும் அது அரத்தாள் போடுகிறது. மூன்றாவது வெயிலில் மூடி நிறுத்திய வாகனம்: முன் கண்ணாடியைச் சுற்றி லென்ஸின் பெயர் எழுதிய வளையத்தை (பெயர் வளையம்) பிடிக்கும் பசை இளகி வளையம் வழுக்கத் தொடங்கும். மாரியின் ஈரம் ஆட்டத்தைக் கொண்டுவராது, கொண்டுவருவது பங்கசு, கண்ணாடியில் வளரும் பூஞ்சணம். அது வேறு வில்லங்கம்.

50 மி.மீ. மலிவு லென்ஸ்களுக்கு ஒரு குறிப்பு. 1990இல் வந்த கெனன் 50 எஃப் 1.8 இரண்டாம் பதிப்பின் எடை 130 கிராம், மவுண்டும் பிளாஸ்டிக். 2015இல் வந்த எஸ்.ரி.எம். (ஸ்டெப்பிங் மோட்டார்) பதிப்பு 160 கிராம், மவுண்ட் உலோகம். பழையது இன்னும் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. போகஸ் செய்யும்போது இவற்றின் முன்குழாய் வெளியே வந்து போகும். அது வெளியே நிற்கும்போது லென்ஸின் முகத்தில் பட்ட அடி உள்ளே பற்சக்கரம் வரை போகலாம். பையில் வைக்குமுன் முடிவிலிக்குப் போகஸ் செய்து குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள்.

கழற்றுவதா விடுவதா என்பதைக் கை தீர்மானிக்கக் கூடாது, படம் தீர்மானிக்க வேண்டும். சுவரில் பத்திரிகையின் இரண்டு பக்கங்களை விரித்து ஒட்டி, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சுவரோடு தட்டையாக வையுங்கள். கமராவை ஸ்டாண்டில் ஏற்றி, கண்ணாடியில் தெரியும் லென்ஸின் பிம்பம் சரியாகப் படத்தின் நடுவில் வரும்வரை திருத்துங்கள். இப்போது கமரா சுவருக்கு நேராக நிற்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டு, துவாரத்தை (அப்பேச்சர்) முழுதாகத் திறந்து, 2 செக்கன் டைமரில் ஒரு படம். பிறகு கமராவைத் தலைகீழாகப் பூட்டி, கண்ணாடி வைத்து மறுபடி நேர்ப்படுத்தி இன்னொன்று. மங்கல் எழுத்துகள் இரண்டு படத்திலும் கமராவின் அதே மூலையில் நின்றால், முன் கண்ணாடித் தொகுதி சரிந்து உட்கார்ந்திருக்கிறது. எப்படிப் பிடித்தாலும் மங்கல் நிலத்துப் பக்கமோ மேல் பக்கமோ மாறாமல் நின்றால், குழாய் தன் பாரத்தில் தொங்குகிறது. நாலு மூலையும் ஒரேமாதிரி இருந்தால் லென்ஸைத் தொடாதீர்கள். ஆடட்டும்.

முன் தொகுதிதான் என்று தெரிந்தால் வேலை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகாது. மேசையில் வெள்ளைத் துவாய் விரியுங்கள். ஓடும் ஸ்குரூ அதில் நின்றுவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். பெயர் வளையம் இந்த வகை லென்ஸ்கள் பலவற்றில் டபுள் ரேப்பில்தான் ஒட்டியிருக்கும். ஹெயார் ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தொட்டால் கைச்சூடு தெரியும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். சிம் அட்டையின் ஓரத்தை ஆப்புப்போலச் சீவி, வளையத்தின் வெளிவிளிம்பில் செருகி, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றி வாருங்கள். முதலில் அசையவே அசையாது. பிறகு ஒரு ஓரம் பசை நூலோடு எழும்பும். அந்த நேரத்தில் அவசரப்பட்டால் வளையம் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்துவிடும். சவர பிளேட் வேண்டாம், அது வழுக்கினால் போவது கண்ணாடியின் பூச்சு.

வளையத்துக்குக் கீழே எள்ளுப்போல ஸ்குரூக்கள் தெரியும், பெரும்பாலும் மூன்று. கழற்றுமுன் கண்ணாடித் தொகுதிக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். அது திரும்ப அதே கோணத்தில் உட்கார வேண்டும். தொகுதிக்கு அடியில் மெல்லிய வளையத் தகடுகள் இருந்தால் அவை தொழிற்சாலையில் அளந்து வைத்தவை. எண்ணி, எந்தப் பக்கம் என்று படமெடுத்து வையுங்கள். 'இது எதுக்கு' என்று ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டால் ஒரு பக்கம் என்றைக்கும் கூர்மை வராது.

ஆனால் பல தடவை கழற்றவே தேவையில்லை. ஸ்குரூவை இறுக்கினாலே ஆட்டம் போய்விடும். இங்கே பிழைவிடுகிறவர்கள்தான் அதிகம். ஜப்பான் லென்ஸ்களின் கூட்டல் குறித் தலை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தர அளவு, நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காமல் மேலே ஏறித் தலையைத் தின்றுவிடும். போன் திருத்தும் செட்டில் 00 அல்லது 0 அளவில் நன்றாகப் பொருந்துவதைத் தேடுங்கள். பிளாஸ்டிக் புரியில் இறுக்குமுன் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ஒரு சிறு 'க்ளிக்' விரலில் தெரியும். ஸ்குரூ தன் பழைய புரியில் விழுந்த இடம் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம். டயர் நட் மாதிரி ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, மாறி மாறி. உள்ளங்கை பலம் வேண்டாம், இரண்டு விரல் பலம் போதும். ஸ்குரூ நின்றபின் கொடுக்கும் அந்தக் 'கடைசிக் கால் சுற்று'தான் புரியை உரிப்பது.

புரி உரிந்து ஸ்குரூ சும்மா சுற்றினால், சிப் வைத்த பொலித்தீன் பையின் ஓரத்தில் நூல்போல ஒரு கீற்று வெட்டி ஓட்டைக்குள் விட்டு, அதன்மேல் ஸ்குரூவை இறக்குங்கள். சுப்பர் குளூ விடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். ஸ்குரூ இளகாமலிருக்க மோட்டார் சைக்கிள்காரர் பாவிக்கும் திரெட் லொக்கர் பசையும் வேண்டாம், பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். கியூடெக்ஸ் போதும். குண்டூசி முனையில் ஒரு துளி எடுத்து, ஸ்குரூத் தலைக்கும் கூட்டுக்கும் நடுவில், புரிக்குள் இறங்காமல். அடுத்தமுறை திருப்பினால் உடைந்து வழிவிடும். ஒரே பையில் போன இரண்டு லென்ஸில் கியூடெக்ஸ் வைத்தது மூன்று மாரி தாண்டியும் அசையவில்லை. வைக்காதது முதல் வருடத்திலேயே மறுபடி இளகியது. பழைய பசையைத் துடைக்க பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். கியூடெக்ஸ் அகற்றும் அசிட்டோன் கிட்ட வரக் கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

குழாய் தொங்கும் லென்ஸுக்கு இவ்வளவு நல்ல தீர்வு இல்லை. உள்குழாயைத் தாங்குவது வளைந்த பள்ளங்களில் ஓடும் சின்னச் சின்ன உருளைகள். அவை தேய்ந்தால் மாற்ற உதிரி கிடைப்பது அரிது. போன் கடைகளில் இருக்கும் சூடு தாங்கும் மஞ்சள் கப்டன் ரேப்பில் 3 மி.மீ. அகலத்தில் மூன்று கீற்று வெட்டி, வெளிக்குழாயின் வாய்க்குள் சம தூரத்தில் ஒட்டலாம். ஒரு படை மட்டும். இரண்டாவது படை போட்டால் சூம் கனக்கும். அதே குழாயைப் போகஸ் மோட்டார் தள்ளுகிற லென்ஸானால் மோட்டார் திணறும். செலோரேப் இந்தச் சூட்டில் ஒரு வருடம்கூடத் தாங்காது, பசை வழிந்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கப்டன் ஓரளவு தாங்குகிறது. ஆட்டம் பாதியாகும், போகாது. எண்ணெய், கிறீஸ் எதுவும் விடாதீர்கள். அது ஊர்ந்து துவார இதழ்களுக்குப் போனால் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும்.

பூட்டிய பின் பத்திரிகைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இரவில் மட்டக்களப்பு வாவியின் இக்கரையில் நின்று கல்லடிப் பாலத்து விளக்கு ஒன்றைப் படத்தின் நடுவிலும் பிறகு நாலு மூலையிலும் வைத்து எடுத்துப் பாருங்கள். நடுவில் அது வட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் வால் இழுத்தால் தொகுதி இன்னும் சரிவு. மூலைகளில் வால் இருந்தாலும் நாலிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெயர் வளையத்தை முழுச் சுற்றுக்கும் ஒட்டாமல் மூன்று சிறு துண்டு டபுள் ரேப்பில் வையுங்கள். மறுபடி திறக்கும் நாள் வரும்.

முன்பக்கத்தால் தீராத ஆட்டத்துக்குப் பின்பக்கத்தைத் திறக்க நினைத்தால், மவுண்டின் அடியில் கடதாசி மொத்தத்தில் நாடாக் கேபிள் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கெனன் கமரா 'எரர் 01' என்று காட்டும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள், கழற்றிய ஸ்குரூக்களை வரிசைப்படி ரேப்பில் ஒட்டிய கடதாசியையும் சேர்த்து.