‘முற்றிலும் மூலிகை’ என்று விற்ற களிம்பில் ஸ்டீராய்டு: கரப்பான் உள்ள குழந்தைகளின் பெற்றோர் கவனத்துக்கு

எக்ஸிமா எனப்படும் கரப்பானுக்கு ‘பக்கவிளைவே இல்லாத மூலிகைக் களிம்பு’ எதையாவது வாங்க நினைத்திருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அப்படி விற்கப்பட்ட களிம்பு ஒன்றால் என் மகள் பட்ட பாடு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

டப்பாவில் சேர்மானப் பட்டியல் இல்லை, தயாரிப்புத் தொகுதி எண்ணும் இல்லை. கேட்டதற்கு, குடும்ப ரகசியம் என்றார் விற்றவர். ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டேன். ‘துளிகூட இல்லை’ என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார்.

இரவெல்லாம் சொறிந்து படுக்கை விரிப்பில் ரத்தக்கறை படிய உறங்கிய பிள்ளைக்குச் சில நாட்களிலேயே தோல் பளிச்சென்று ஆனது. ஆனால் பூசுவதை நிறுத்தினால் போதும், முன்பைவிடச் சிவந்து, முன்பு கரப்பானே இல்லாத இடங்களிலும் எரிச்சலோடு கிளம்பியது. விற்றவரிடம் சொன்னபோது, ‘உடம்பின் நச்சு வெளியேறுகிறது, இன்னும் தாராளமாகப் பூசுங்கள்’ என்று அடுத்த டப்பாவை விற்கப் பார்த்தார். எரிச்சலில் அழுகிற குழந்தையைப் பற்றிச் சொல்லும்போதும் இப்படிப் பேச ஒருவருக்கு மனம் வந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தோல் மருத்துவர் முழங்கால் மடிப்பைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டார். தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரிந்தன, கோடுகோடாகத் தழும்பும் விழுந்திருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிய களிம்பில் இருந்தது குளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது. முகத்திலும் தோல் மடிப்புகளிலும் பொதுவாகத் தவிர்க்கப்படுவது. என் மகளுக்கோ கண் இமையிலும் பூசச் சொல்லியிருந்தார் அந்த மனிதர். இமையில் வீரியமான ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் உயரும் அபாயம் உண்டு.

இந்த ஏமாற்று புதிதும் அல்ல. பிரிட்டனில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த 11 மூலிகைக் களிம்புகளில் 8-இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. 2003-இல் அங்கேயே வெளியான இன்னோர் ஆய்வில் 24 களிம்புகளில் 20-இல் ஸ்டீராய்டு கலந்திருந்தது.

நான் ஸ்டீராய்டுக்கு எதிரி இல்லை. கரப்பான் கிளம்பும்போது அழற்சியை அடக்க மருத்துவர்கள் தருவதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தனை நாள் என்ற கணக்கோடு தருவார்கள். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களையும் சேர்த்து வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். உள்ளே இருப்பதை மறைத்து விற்பவர் இந்தக் கணக்கு முழுவதையும் நம்மிடமிருந்து பறித்துவிடுகிறார்.

இப்போது வீட்டில் நாங்கள் செய்வது மிக எளியது. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமான குளியல், சோப்புக்குப் பதில் மணமற்ற ஈரப்பதக் களிம்பு, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து ஈரம் காயுமுன் மறுபடி அதே களிம்பு. கரப்பான் அடங்கியிருக்கும் நாட்களிலும் இதை விடுவதில்லை. குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை செலவாகலாம் என்று மருத்துவர் சொன்னபோது மலைப்பாக இருந்தது. கஞ்சத்தனமாகத் தடவினால் பயனில்லை என்பது பிறகு புரிந்தது. பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும், நெருப்பருகே கவனம் தேவை. சீழ் வடிந்தாலோ, காய்ச்சலோடு வலியுள்ள சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏற்கெனவே இப்படியொரு களிம்பைப் பூசிவருகிறீர்கள் என்றால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். நீண்ட நாட்களாக, உடலின் பெரும்பகுதியில் பூசியிருந்தால், உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டை இயற்கையாகச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலை மந்தமாகியிருக்கக்கூடும். ஆகவே தாமாகத் திடீரென்று நிறுத்தாமல், தாமதிக்காமல் டப்பாவோடு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். விற்றவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் நான் அளித்த புகாரோடு அந்த எழுத்துப் பதிலையும் இணைத்திருக்கிறேன்.