அம்மாவின் சக்கர நாற்காலி லவுஞ்சுக்குப் போகவில்லை

சென்ற மாதம் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து அம்மாவை டொராண்டோவுக்கு அழைத்து வந்தேன். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இடது முழங்கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை. சர்க்கரை நோயும் இருக்கிறது. நான்கு மணி நேரம் ஒரு விமானம், அதன்பிறகு பதினான்கு மணி நேரம் இன்னொரு விமானம் என்று காலைத் தொங்கப்போட்டபடி அவரால் உட்கார முடியாது. அதனால் பல ஆண்டுகளாக விமானப் பயணங்களில் சேர்த்த மைல்களோடு (பயணப் புள்ளிகளோடு) கணிசமான பணமும் போட்டு இருவருக்கும் பிசினஸ் கிளாஸ் எடுத்தேன். படுக்கை, சாப்பாடு, பெட்டி எல்லாம் எதிர்பார்த்தபடியே கிடைத்தன. சென்னை விமான நிலையத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

முன்பெல்லாம் ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் மீனம்பாக்கம் வரை வருவார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் புளிசாதப் பொட்டலம் பிரியும். இப்போது தம்பியின் காரில் நாங்கள் மூவர் மட்டும். விமானம் அதிகாலை மூன்றரைக்கு. சாலைப் பணியையும் லாரிகளையும் நினைத்து ஏழரைக்கே கிளம்பினோம். "வழியில ஒண்ணும் வேணாம், உள்ள சாப்பாடு இருக்குன்னு சொன்னியே" என்றார் அம்மா. ஆமாம் என்று சொன்னவள் நான்தான். பிசினஸ் பயணிகளுக்கான ஓய்வறையான லவுஞ்சில் சூடாகச் சாப்பிடலாம், சாய்ந்து படுக்கலாம் என்று ஒரு வாரமாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெட்டி போடும் இடத்தில் வரிசையே இல்லை. கனடா செல்லும் பிசினஸ் பயணிக்கு 32 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் என்பதால் எடை பார்த்துப் பொருளை எடுத்து மாற்றும் பழைய அவதியும் இல்லை. ஆர்க்காட்டு மக்கன் பேடாவைப் பாகுடன் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். கையில் கொண்டுபோனால், திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியின்படி பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

குடியேற்றமும் சோதனையும் முடிந்தபோது மணி பன்னிரண்டரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை அம்மா அங்கேயே போட்டுக்கொண்டார். லவுஞ்சுக்குப் போகும் பக்கம் நான் திரும்பினேன், நாற்காலி திரும்பவில்லை.

"மேடம், நேரா கேட்டுக்குத்தான். லவுஞ்சுல விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு இன்னும் ஆறு பேர் காத்திருக்காங்க" என்றார் தள்ளி வந்த இளைஞர். அவர் மேற்பார்வையாளரை அழைத்துப் பேசினேன். லவுஞ்சில் இறக்கிவிட்டால் மறுபடி வந்து கூட்டிப்போக ஆள் கிடைக்காது, விமானம் தவறினால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். பணம் கட்டிய சீட்டில் லவுஞ்சும் சேர்ந்திருக்கிறது, நடக்க முடியாதவருக்கு மட்டும் அது எப்படி இல்லாமல் போகும் என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. "வுடு கண்ணு, அந்தப் புள்ளைய ஏன் திட்டற" என்று அம்மா என் கையைப் பிடித்தார். அந்தப் பையன் மீது தவறில்லை என்பது எனக்கும் தெரியும். ஒருவர் இத்தனை நாற்காலிகளைத் தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

கேட் அருகே இருந்த கடையில் பஃப்ஸும் கேக்கும்தான் இருந்தன. அம்மாவின் விரல்கள் லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தன. பையில் இருந்த இரண்டு பிஸ்கட்டுகளைக் கொடுத்துவிட்டு லவுஞ்சை நோக்கி ஓடினேன். கடன் அட்டையைக் காட்டி நுழைய வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பிசினஸ் சீட்டுக்குத் தனி வழி என்று பலகை சொன்னாலும் இரண்டு வரிசைகளும் ஒரே மேசையில்தான் முடிந்தன. உள்ளே தயிர்சாதம் இருந்தது. ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, சாப்பாட்டை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்று மேசையில் இருந்த பெண் தடுத்தார். காரணத்தைச் சொன்னேன். விதியை மறுபடியும் சொன்னார்.

பாத்திரங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு தம்பி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு எந்த ஊர்க்கா?" என்றார். வேலூர் என்றேன், தான் வாலாஜாபேட்டை என்றார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, புதிதாக ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் போட்டு, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, தானே கையில் எடுத்துக்கொண்டு என்னுடன் நடந்தார். அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை தூணருகே நின்றார். கிண்ணம் கணக்கில் திரும்ப வேண்டுமாம். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த, அதிகம் புளிக்காத தயிர்சாதம். பாதி கிண்ணம் காலியானதும் அம்மாவின் நடுக்கம் நின்றது. "நீ சாப்டியா பா?" என்றுதான் முதலில் அவரிடம் கேட்டார். டொராண்டோவில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டேன். அங்கே அந்த மேசைப் பெண்ணிடம் காரணம் சொல்லி நிற்கும் நிலைமை எனக்கு வந்திருக்காது, ஆனால் இந்தத் தம்பியும் வந்திருக்க மாட்டார்.

இடையில் இறங்கிய வளைகுடா நகரில் நாற்காலி தள்ளியவர் நாங்கள் கேட்காமலேயே அம்மாவை லவுஞ்சில் விட்டார். எத்தனை மணிக்குத் திரும்ப வருவேன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த மணிக்கு வந்தார். இதைச் செய்ய முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு சென்னையின் மீது எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. 2023இல் திறந்த அவ்வளவு பெரிய முனையத்தில், கோலங்களும் பரதநாட்டியமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்தக் கட்டடத்தில், ஒரு முதியவரைச் சாப்பாட்டு மேசை வரை கொண்டுபோக ஏற்பாடு இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

நீண்ட விமானத்தில் அம்மா ஏழு மணி நேரம் காலை நீட்டித் தூங்கினார். பணத்துக்கு அதுவே போதும். பெற்றோரை அழைத்து வருபவர்கள் இருக்கை வரைபடத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்: ஒரு வரிசையில் ஒன்று, இரண்டு, ஒன்று என்று இருக்கைகள் பிரிந்திருக்கும் அமைப்பில் யாரும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை, இரண்டு, மூன்று, இரண்டு என்று பழைய விமானம் வந்தால் நடுவில் மாட்டிக்கொண்டவர் கழிவறைக்குப் போக அடுத்தவரை எழுப்ப வேண்டும். சைவச் சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்ற குறியீட்டைக் கேளுங்கள். 'இந்து உணவு' என்பதில் கறி வரும். படி ஏற முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலிக் குறியீடு டபிள்யூசிஎச்எஸ் என்று பதிவாக வேண்டும். அம்மாவுக்கு டபிள்யூசிஎச்ஆர் என்று போட்டிருந்தார்கள். அது படி ஏறக்கூடியவர்களுக்கானது, நான் கவனிக்கவில்லை.

விமான நிறுவனத்துக்கு நடந்ததை எழுதியிருக்கிறேன். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த முறை நாற்காலி லவுஞ்சுக்குப் போகுமா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. சித்திரையில் அம்மா ஊர் திரும்புகிறார். எந்த லவுஞ்சையும் நம்பாமல் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவதாக இப்போதே சொல்லிவிட்டார். அதற்கு அளவான டப்பாவையும் நேற்று அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தார்.